ஆற்றுக்கு மருந்துச் சீட்டு எழுதியது யார்?

2020-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் டில்லியிலுள்ள சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அட்டவணையை வரைந்து, மக்கள் கருத்தறிய வேண்டி அரசிதழில் வெளியிட்டது. 2021 ஆகஸ்டுத் திங்களில் அதே அமைச்சகம் இறுதி விதியை வெளியிட்டது. அட்டவணையைக் காணோம்! புயல் கொண்டுபோகவில்லை, கரையான் அரிக்கவில்லை, எழுதிய கையே அழித்தது.

தோழர்களே, அந்த அட்டவணையில் என்ன இருந்தது என்பதைப் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் மீஞ்சூரிலும் பழவேற்காட்டிலும் உள்ள நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மருந்தின் மூலப்பொருளைச் செய்யும் ஆலைகள் வெளியேற்றும் கழிவுநீரில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, அதாவது நாம் வழக்கில் ஆன்டிபயாடிக் என்கிறோமே, அது எவ்வளவுக்கு மேல் இருத்தலாகாது என்பதே அதன் பொருள். நூற்றுக்கு மேற்பட்ட மருந்துகளின் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்ணைக் குறித்திருந்தார்கள். அந்த எண்ணைத் தாண்டினால் குற்றம். அவ்வளவுதான். மருந்து முதலாளிகளின் சங்கங்கள், "வரம்பு மிகக் கடுமை, எங்களால் தாங்க இயலாது" என முறையிட்டதாகச் செய்திகள் வந்தன. அமைச்சகம் வரம்பைத் தளர்த்தியிருக்கலாம், தவணை கொடுத்திருக்கலாம், பத்து மருந்துகளோடாவது தொடங்கியிருக்கலாம். மூன்றையும் செய்யாமல், அட்டவணையையே எடுத்துவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில் விலைவாசி இல்லை, தேர்தல் இல்லை, கழிவுநீர்க் கணக்கா?" என்று முகம் சுளிப்போரும் இருக்கக்கூடும். இருக்கட்டும். விலைவாசி ஏறினால் ஏழை அரைவயிற்றோடு படுக்கிறான், காலையில் எழுகிறான். மருந்து வேலை செய்யாமற் போனால் எழுவதில்லை. 2019-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக மாண்டோர் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022-ல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கிருமிகளின் பங்கும் சேர்ந்து மாண்டோரைக் கணக்கிட்டால் 49 லட்சத்து 50 ஆயிரம். எந்தப் போர்க்களத்திலும் ஓராண்டில் இத்தனை பிணம் விழுந்தால் ஏடுகள் கறுப்புக் கரை கட்டும். இதற்கோ ஒரு மூலையில் நான்கு வரி!

மருந்து என்பது ஏழைக்கு என்ன என்பதை நம் பாட்டன்மாரைக் கேட்டிருக்க வேண்டும். காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியம். அங்கே இடம் கிடைக்காதவனுக்குத் திண்ணை ஓரம், தனிப் பாய், தனித் தட்டு, பிறகு பாடை. இன்றும் அந்த ஊரில் மின்சார ரயில் நின்றால் 'சானடோரியம்' என்றே அறிவிக்கிறார்கள். ஆனால் அச்சொல்லின் அச்சம் போய்விட்டது. யார் போக்கியது? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஓர் ஆய்வை நடத்தியது. சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் காற்றோட்டமும் பெறும் நோயாளிகளை ஒருபுறமும், நெரிசல் மிகுந்த குடிசையில் வறுமையோடு வாழ்ந்துகொண்டு மருந்து மட்டும் ஒழுங்காக உண்ணும் நோயாளிகளை மறுபுறமும் வைத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது: குடிசையில் இருந்தவனும் ஏறத்தாழ அவனுக்கு நிகராகவே குணமடைந்தான்! சென்னை நகரத்து ஏழையின் உடலிலிருந்து உலகம் கற்ற பாடம் அது. நோயை வெல்ல மாளிகை வேண்டியதில்லை, மருந்து வேலை செய்தால் போதும் என்ற பாடம்.

'மருந்து வேலை செய்தால்' என்ற அந்த ஒரு சொற்றொடரில்தான் இன்று இடி விழுந்திருக்கிறது.

அந்த நாளில் மருந்தைச் செய்வதையும் அரசே தன் கடமையாகக் கொண்டது. 1954-ல் புனாவுக்கு அருகே பிம்ப்ரியில் பென்சிலின் செய்ய அரசு நிறுவனம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் துணை நின்றன. பிறகு சோவியத் நாட்டின் உதவியோடு ரிஷிகேசத்தில் ஆன்டிபயாடிக் ஆலை, ஐதராபாத்தில் செயற்கை மருந்து ஆலை, நம் சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைக் கருவி ஆலை எனத் தொடர்ந்தன. அவை நலிய விடப்பட்ட கதை தனிக் கதை. 2016 டிசம்பரில் டில்லி அமைச்சரவை அந்தச் சோவியத் உதவி பெற்ற நிறுவனத்தை மூடவே முடிவெடுத்தது. நான்கே ஆண்டு கழித்து, 2020-ல், "ஐயோ, பென்சிலின் மூலப்பொருளுக்குக்கூடச் சீனத்தை எதிர்பார்க்கிறோமே!" என்று கைபிசைந்து, தனியார் ஆலைகளுக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தார்கள். (பொதுச் சொத்தை மூடிய கையும், தனியாருக்குப் பொதுப்பணத்தை நீட்டிய கையும் ஒரே உடலைச் சேர்ந்தவை என்பதை நினைவில் வைக்க.) மருந்து நம் மண்ணில் செய்யப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. வேண்டும், வேண்டும் என்பதே நம் கட்சி. எப்படிச் செய்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

கிருமி எப்படி மருந்தை எதிர்க்கக் கற்கிறது? கோடானுகோடிக் கிருமிகளில் ஒன்றிரண்டு, பிறவியிலேயே சற்று மாறுபட்டவை, மருந்துக்குத் தப்பும். ஏனையவை மாண்டுபோக, இடமும் இரையும் இவற்றுக்கே கிடைக்கும், பெருகும். அதோடு நின்றால் பரவாயில்லை. எதிர்க்கும் வித்தையைத் தாங்கிய மரபணுத் துணுக்கைப் பக்கத்திலுள்ள கிருமிக்கு, தன் இனமே அல்லாத கிருமிக்குங்கூட, கைமாற்றிக் கொடுக்கும். பென்சிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங் 1945-ல் நோபல் பரிசு பெற்ற மேடையிலேயே எச்சரித்தார்: கொல்லாத அளவில் மருந்தைக் கொடுப்பது, கிருமிக்கு எதிர்க்கக் கற்றுக்கொடுப்பதாகும் என்று. கொல்லாத அளவு, நீண்ட நாள், ஏராளமான கிருமிகள் ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடம் எது? மருந்து கலந்த சாக்கடை. மருந்து கலந்த ஏரி. கழிவைச் செரிக்கக் கிருமிகளையே வளர்க்கும் சுத்திகரிப்புத் தொட்டி.

இது கற்பனையன்று. ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவுக்குப் போவோம்.

அங்கே சுமார் தொண்ணூறு மருந்து ஆலைகளின் கழிவுநீரைத் திரட்டிச் சுத்தம் செய்யப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருந்தது. அது 'சுத்தம் செய்து' வெளியேற்றிய நீரைச் சுவீடன் நாட்டு அறிஞர்கள் எடுத்துச் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் நீரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது! காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அதே மருந்துதான். அம்மருந்தை உண்ணும் நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிடப் பன்மடங்கு, சாக்கடை நீரில்! சில கிருமிகளைக் கொல்லப் போதுமான அளவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிலோ சிப்ரோஃப்ளாக்சசின் அந்த வாயிலிலிருந்து வழிந்தோடியதாகக் கணக்கிட்டார்கள். சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாளில் உண்ணும் அளவு அது.

அந்த 45 கிலோவை நம் கணக்கில் மாற்றிப் பாருங்கள். மருந்துக்கடையில் விற்கும் 500 மில்லிகிராம் மாத்திரையாக்கினால் 90,000 மாத்திரை. நாள்தோறும் தொண்ணூறாயிரம் மாத்திரை! நோயாளி யார்? ஓடை. மருத்துவர் யார்? ஒருவரும் இல்லை. சீட்டு எங்கே? கேட்பாரில்லை.

பத்தாண்டு கழித்து, 2017-ல், வேறு அறிஞர்கள் ஐதராபாத் வட்டாரத்தில் 28 இடங்களில் நீர் எடுத்துச் சோதித்த முடிவு வெளிவந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில், இறுதிப் படைக்கலமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் மருந்துகளையும் எதிர்க்கும் கிருமிகள் இருந்தன. பத்தாண்டில் என்ன மாறியது? குழாய் மாறியது! 2009-ல் பதினெட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்து, பட்டஞ்செருக் கழிவை ஐதராபாத்தின் அம்பர்பேட்டைக்குக் கொண்டுபோய், முசி ஆற்றின் பக்கம் சேர்த்தார்கள். கிராமத்து ஓடையின் துயரம் நகரத்து ஆற்றுக்கு மாற்றலாயிற்று. இடையில் நீதி என்ன செய்தது என்கிறீர்களா? அவ்வூர் மருத்துவர் கிஷன் ராவ் போன்றோர் ஓயாமல் போராடினார்கள். உச்சநீதிமன்றத்துக்கு 1990-ல் போன வழக்கு, உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பப்பட்டு, 2017-ல் நம் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வில் முடிவு கண்டது. இருபத்தேழு ஆண்டு! வழக்குத் தொடுத்த ஆண்டில் பிறந்த குழந்தைக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்.

இத்தனைக்கும் நடுவில், மேல்நாட்டாரின் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். பட்டஞ்செருவில் செய்த மருந்தைப் பட்டஞ்செருவே உண்ணவில்லை. கப்பலேறிப் போனது, மலிவாக வாங்கினார்கள், தம் நாட்டில் செய்தால் கழிவுக்குச் செலவிட வேண்டிய பணத்தை மிச்சம் பிடித்தார்கள். அந்த மிச்சத்தின் பெயர்தான் பட்டஞ்செரு ஓடை. இன்றைக்கு அவர்களில் சிலர் விழித்துக்கொண்டு, ஆலையின் கழிவையும் பார்த்தே வாங்குவோம் என்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் அவர்கள் கணக்கைக் கேட்டதும், 'இது வெள்ளையனின் சூழ்ச்சி' என்று இங்கே சிலர் தேசப்பற்றுப் போர்வையை இழுத்துப் போர்த்துகிறார்களே, அதை ஏற்பதற்கில்லை.

2010-ல் இந்தப் போர்வை ஒருமுறை வெகு நன்றாக விரிக்கப்பட்டது. கடைசிக் கட்ட மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் புதிய மரபணு ஒன்றை அதற்கு முந்தைய ஆண்டில் கண்டறிந்து, புதுடில்லியின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள். 2010 ஆகஸ்டில் அது எங்கெங்கே பரவியிருக்கிறது என்று ஆய்வுக் கட்டுரை வந்ததும், டில்லியில் அமளி! நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு வெளிநாட்டு நோயாளிகள் வருவதைத் தடுக்கச் சதி என்றார்கள். பெயர் சூட்டியது அழகன்று என்பதை நாமும் சொல்கிறோம். நோய்க்கு ஊர்ப்பெயர் வைப்பது பண்பன்று. ஆனால் அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் யார்? இலண்டன் துரையா? இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்ற தமிழர்! அந்த மரபணுவைத் தாங்கிய 44 கிருமி மாதிரிகள் சென்னையிலிருந்து கிடைத்தவை. நம் பிள்ளை, நம் ஊரில், நம் நோயாளிகளின் உயிரை எண்ணிச் சொன்ன செய்தியைச் சதி என்று தள்ளினார்கள். மறு ஆண்டே, 2011-ல், டில்லியின் குழாய்நீர் மாதிரிகள் ஐம்பதில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும் அதே மரபணு இருப்பதாக முடிவு வந்தது. மருத்துவமனைக் கட்டிலை விட்டிறங்கித் தெருக்குழாய்வரை அது நடந்துவிட்டது. மானம் மரபணுவின் பெயரில் இல்லை, தோழர்களே. குழாயில் வரும் நீரில் இருக்கிறது. நம் சென்னையின் மருத்துவர்கள் இதை உணர்ந்தார்கள். 2012 ஆகஸ்டில் நாடெங்குமுள்ள மருத்துவச் சங்கங்களைக் கூட்டி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டுக்கு ஒழுங்கு வேண்டுமெனச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். 2014 மார்ச்சில் சில மருந்துகளைச் சீட்டின்றி விற்கக் கட்டுப்பாடும் பதிவேடும் வந்தன.

அந்தக் கட்டுப்பாடு வேண்டியதே. கடைக்காரரிடம் 'இரண்டு மாத்திரை கொடு' என்று வாங்கித் தின்பது தவறுதான். ஆனால் சுவரொட்டியைப் பாருங்கள், வானொலியைக் கேளுங்கள்: குற்றவாளிக் கூண்டில் எப்போதும் நிற்பவன் யார்? ஐந்து நாள் மாத்திரைக்கு இரண்டு நாள் மட்டும் வாங்கிய கூலிக்காரன்! மூன்று நாள் படுத்தால் மூன்று நாள் கூலி போகும் என்று காய்ச்சலோடு கரும்புவெட்டப் போனவன்! அவன் அரைகுறையாக உண்ட நான்கு மாத்திரைக்கு அறிவுரை, தொண்ணூறாயிரம் மாத்திரையை ஓடையில் கொட்டியவனுக்கு ஊக்கத்தொகை. இந்த நியாயத்தை எந்தத் திருவள்ளுவரிடம் போய்ச் சொல்வது?

இனி நம் வாசலுக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளோடு இரசாயன ஆலைகளும் மருந்துப் பொருள் ஆலைகளும் இருக்கின்றன. சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத் திட்டத்தில் பொன்னேரி ஒரு முனையமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. நாளை ஆலைகள் பெருகும். பெருகட்டும். ஆனால் நிலத்தின் சாய்வைப் பாருங்கள். ஆரணியாறு பொன்னேரியைத் தொட்டுக்கொண்டு ஓடிப் பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. கும்மிடிப்பூண்டி நிலம் கிழக்கே அதே ஏரியை நோக்கிச் சரிகிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் அது இரண்டாவது பெரியது. அங்கே இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழும் குடும்பங்கள் எத்தனை என்பதை, அந்தக் கரையில் தேர்தல் பணி செய்த தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏரி ஒரு தட்டு. நாம் தெருவில் ஊற்றுவதெல்லாம் அந்தத் தட்டில்தான் போய் விழும்.

இந்த இடத்தில் ஒரு விந்தையைக் கேளுங்கள். இறால் பண்ணையில் எந்தெந்த ஆன்டிபயாடிக் போடக்கூடாது என்று பட்டியல் இருக்கிறது. குளோராம்பெனிகால் கூடாது, நைட்ரோஃபுரான் வகை கூடாது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து, சென்னையிலேயே தலைமையகம் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் இதைக் கண்காணிக்கிறது. ஏற்றுமதிக்குப் போகும் இறாலைத் துளித்துளியாகச் சோதிக்கிறார்கள். 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம், இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு இறால் சரக்குகளில் நூற்றுக்குப் பத்தைச் சோதித்துவந்ததை நூற்றுக்கு ஐம்பதாக்கியது. சிறிதளவு மருந்து தென்பட்டால் சரக்குத் திரும்பிவிடும். பண்ணைக்காரர் தலையில் துண்டு. சரி, ஐரோப்பியனின் தட்டுக்கு அத்தனை காவல். அந்த இறால் நீந்திய நீருக்கு? அந்த நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்ணுக்கு? அவள் காலில் முள் குத்திப் புண்ணாகி, பொன்னேரி அரசு மருத்துவமனையில் போட்ட ஊசி கேட்காமல், ஸ்டான்லிக்கு அனுப்பினால், அந்தப் புண்ணின் கிருமி எந்த நீரில் எதைக் கற்றது என்று யார் சோதிப்பார்கள்? இறாலுக்கு வரம்பு உண்டு, இறால் வாழும் நீருக்கு வரம்பு இல்லை என்பதுதான் 2021 ஆகஸ்டில் டில்லி நமக்கு எழுதிக்கொடுத்த தீர்ப்பு.

நாம் கும்மிடிப்பூண்டியின் எந்த ஆலையையும் கொலைகாரன் என்று கூவவில்லை. அளவுகோலைப் பிடுங்கிவிட்டு, 'யாரும் உயரமில்லை' என்று சாதிப்பதைத்தான் எதிர்க்கிறோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கழிவுநீரில் என்ன பார்க்கிறது? அமிலமா காரமா, கரைந்த உப்பு எவ்வளவு, அழுகும் பொருள் எவ்வளவு ஆக்சிஜனை விழுங்கும் என்பவற்றைப் பார்க்கிறது. நல்ல சோதனைகள்தாம். ஆனால் மருந்து கலந்த நீர் இவை அத்தனையிலும் தேறிவிட்டு, நற்சான்றோடு ஏரிக்குப் போகக்கூடும். மருந்தைத் தேடாதவன் கண்ணில் மருந்து படாது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் தேடினார்கள். காவிரி நீரில் வலிநீக்கி மருந்தும் இரத்த அழுத்த மருந்தும் சிப்ரோஃப்ளாக்சசினும் இருப்பதை 2021-ல் சொன்னார்கள். தேடியதால் தெரிந்தது.

"எங்கள் பேட்டையில் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறுவதில்லை, எல்லாவற்றையும் காய்ச்சி, மறுபடி பயன்படுத்துகிறோம்" என்று ஆலைத் தரப்பார் சொல்வதுண்டு. மெத்த மகிழ்ச்சி! ஒரு சொட்டும் வெளியேறாதென்றால், வெளியேறும் சொட்டுக்கு வரம்பு வைப்பதில் உங்களுக்கு என்ன நட்டம்? திருடாதவன் பூட்டைக் கண்டு ஏன் கோபிக்க வேண்டும்? "ஆலை மூடினால் வேலை போகும்" என்று தொழிலாளியைத் தூண்டிவிடுவாரும் உண்டு. இந்தப் பூச்சாண்டியைத் தமிழ்நாடு பலமுறை பார்த்திருக்கிறது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவனே ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தபோது கேட்டோம். அதே ஆண்டு டிசம்பரில், சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தபோது கேட்டோம். நொய்யலைச் சாயமாக்கிய திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னபோதும் கேட்டோம். வாணியம்பாடியில் தோல் இல்லாமற் போயிற்றா? திருப்பூரில் பனியன் நின்றுவிட்டதா? போகாதது தொழில். போனது பாலாறும் நொய்யலும். அவைதாம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. தொழிலாளர் துன்பப்பட்டார்கள் என்பது உண்மை. முதலிலேயே வரம்பு வைத்திருந்தால் அத்துன்பமும் வந்திராது. ஆலைக்குள் முதல் விஷவாடை பிடிப்பவனும் தொழிலாளிதான், மறவாதீர்கள்.

"டில்லி அழித்ததை நாம் என்ன செய்ய முடியும்?" இதுதான் நம்மவரிடமே கேட்கும் சோர்வுக் குரல். தோழர்களே, முடியும்! 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் மூன்றாம் விதியைப் புரட்டிப் பாருங்கள். டில்லி வகுத்த அளவைக் காட்டிலும் கடுமையான அளவை, எந்தத் தொழிலுக்கும், மாநில வாரியமே வகுக்கலாம். கழிவை ஏற்கும் நீர்நிலையின் தன்மையைக் கருதிக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அவ்வளவே. பழவேற்காட்டைவிட எந்த நீர்நிலை அந்தக் காரணத்துக்குத் தகும்? டில்லியின் கையெழுத்து வேண்டாம். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை வேண்டாம். ஆலைக்கு வாரியம் கொடுக்கும் இசைவாணையில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். எண்களை எங்கே தேடுவது என்றால், 2020-ஆம் ஆண்டு வரைவு அரசிதழிலேயே இருக்கிறது. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கென்றே வழிகாட்டி நூலும் வெளியிட்டுவிட்டது. தமிழ்நாடு டில்லியைக் காத்திராமல் தானே நடந்ததற்கு முன்மாதிரியும் உண்டு: 1989 மார்ச் 30-ஆம் நாளிட்ட 213-ஆம் எண் அரசாணை, ஆறுகள் முதலிய நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பெருமாசுத் தொழில்கள் கூடாதென்றது. அன்று எழுத முடிந்த கை இன்று ஏன் நடுங்க வேண்டும்?

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 27-ல், கொள்ளைநோய்க் கதவடைப்பில் நாடு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, மருந்து மூலப்பொருள் ஆலைத் திட்டங்களைச் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வும் மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டாத வகைக்கு மாற்றினார்கள். அவசரக் காலம், செப்டம்பர் வரை வரும் விண்ணப்பங்களுக்கு மட்டும் என்றார்கள். பிறகு காலத்தை நீட்டினார்கள். ஆக, ஆலை வருமுன் மக்களைக் கேட்கும் கூட்டம் போயிற்று. ஆலை வந்தபின் நீரை அளக்கும் அட்டவணையும் போயிற்று. மிச்சமிருப்பது நம் வாய்.

அந்த வாயைத் திறப்போம். பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ஆரணியாற்றின் முகத்திலும் ஏரியின் மேற்குக் கரையிலும் ஆண்டுக்கு நான்கு முறை நீரெடுத்து மருந்தைத் தேட அரசு அதற்குப் பணம் ஒதுக்கட்டும். முடிவை மறைக்காமல் ஊராட்சிப் பலகையில் ஒட்டட்டும். மே முதல் நாள், ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராமசபை கூடும்போது, சாலை, விளக்கு, குடிநீர்க் குழாய் ஆகியவற்றோடு இதையும் தீர்மானமாக எழுதுங்கள். மீனவர் குப்பங்களில் இருந்தே தொடங்குங்கள். அவர்களுக்கு நீரைப் பற்றி நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டால் போதும்.

கும்மிடிப்பூண்டியிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு ஒவ்வொரு கிளையும் ஒரு விண்ணப்பம் அனுப்பட்டும். கேள்விகள் மூன்று: இந்த வட்டாரத்தில் ஆன்டிபயாடிக் மூலப்பொருளோ மருந்தோ செய்ய இசைவாணை பெற்ற ஆலைகள் எவை? அவற்றின் கழிவுநீரில் அம்மருந்தின் எச்சத்தை வாரியம் எந்தெந்த நாளில் சோதித்தது? மூன்றாம் விதிப்படி வரம்பு வகுக்க வாரியம் எடுத்த நடவடிக்கை என்ன? 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி முப்பது நாளுக்குள் எழுத்தில் விடை தர வேண்டும். கட்டணம் பத்து ரூபாய்.